நிமிடக் கணக்கும் பத்தாண்டுக் கணக்கும்: ஓசனிச்சிட்டும் கடலாமையும்

ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களிலும் தங்கும் விடுதிகளின் முற்றங்களிலும் பூச்செடிகளைச் சுற்றிப் படபடக்கும் சிறு பறவையைக் கைபேசியில் படம்பிடித்து, ஹம்மிங்பேர்ட் பார்த்ததாக உறவினர்களுக்கு அனுப்புவோர் பலர். அவர்கள் பார்த்தது தேன்சிட்டு. சில வேளைகளில், பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும் பருந்து அந்துப்பூச்சி. ஹம்மிங்பேர்ட் எனப்படும் ஓசனிச்சிட்டு இன்று இயற்கையாக வாழ்வது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே. கடலாமையும் இம்மலைக்கு உரியதன்று. அதைக் காணச் சேலத்திலிருந்து கடலூர்க் கரை வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் சாலை வழியே செல்ல வேண்டும். இங்கே இல்லாத இரண்டு உயிர்களை, அதுவும் ஒன்றோடொன்று எவ்வகையிலும் உறவில்லாத ஒரு பறவையையும் ஓர் ஊர்வன உயிரையும், ஒப்பிடுவது வலிந்து செய்யும் முயற்சியாகத் தோன்றக்கூடும். ஆயினும், தனக்குக் கிடைக்கும் ஆற்றலை ஓர் உடல் எவ்வளவு காலத்துக்குள் செலவிட வேண்டும் என்னும் வினாவுக்கு வெப்பமண்டலத்தில் கிடைக்கும் இரண்டு எல்லை விடைகள் இவை. அந்த விடைகள் புரிந்தால்தான் இவற்றுக்கு ஊறு எந்த வழியாக வருகிறது என்பதும் புரியும் என்று நான் கருதுகிறேன்.

முதலில் தேன்சிட்டைப் பற்றிய குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் ஊதாத் தேன்சிட்டு, ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு ஆகியவை ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளுக்குரிய வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. பறவைகளின் கால்வழியில் ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய உறவு, ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட் எனப்படும் உழவாரன்களே. தேன்சிட்டோ காகமும் சிட்டுக்குருவியும் அடங்கும் பெருவரிசையில் வருவது. தேனுண்ணும் வாழ்க்கை இரு வேறு கால்வழிகளில் தனித்தனியே தோன்றி, நீண்ட அலகு, குழல் போன்ற நாக்கு, மினுமினுக்கும் இறகு என ஒரே மாதிரியான உருவத்தைச் செதுக்கியிருக்கிறது. வேறுபாட்டை அறிய ஒரு தோட்டச் செடியே போதும். அமெரிக்காவிலிருந்து வந்து இந்தியத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் ஹமேலியாவின் செந்நிறக் குழல்பூக்கள் ஓசனிச்சிட்டுகளை நம்பி உருவானவை. தேன்சிட்டு அந்தப் பூக்களை விரும்பி நாடினாலும், பெரும்பாலும் காம்பையோ கிளையையோ பற்றிக்கொண்டுதான் குடிக்கிறது. ஓரிரு நொடி அந்தரத்தில் நின்றாலும் அதை நீட்டிக்க அதனால் இயலாது. கல்யாண முருங்கை, புல்லுருவி போன்ற நம் பக்கத்துத் தேன்சிட்டுப் பூக்களில் பறவை அமர்ந்து குடிக்க இடம் இருப்பதற்கும், ஓசனிச்சிட்டை நம்பிய பூக்கள் பல பிடிமானம் ஏதுமின்றி வெளியில் தொங்குவதற்கும் இதுவே காரணம்.

ஓசனிச்சிட்டும் கடலாமையும் உண்மையிலேயே அருகருகே வாழும் நிலம் என்று நடு அமெரிக்காவின் கோஸ்டா ரிக்காவைச் சொல்லலாம். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் குறைவாகவே உள்ள அந்த நாட்டில் ஏறத்தாழ 50 வகை ஓசனிச்சிட்டுகள் உள்ளன. அதன் பசிபிக் கரையில் உள்ள ஒஸ்தியோனால் கடற்கரையில் பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறி முட்டையிடுகின்றன. ஆலிவ் ரிட்லி என்று செய்திகளில் குறிப்பிடப்படும் இந்தப் பங்குனி ஆமைதான் ஒடிசாவின் ருசிகுல்யா, கஹிர்மாதா கரைகளில் அதே போலத் திரளாகவும், சென்னை முதல் நாகப்பட்டினம் வரையிலான நம் கரையில் தனித்தனியாகவும் முட்டையிட வருவது. ஆக, ஒப்பீட்டின் ஒரு பாதி நமக்கு முற்றிலும் அன்னியமானதன்று.

நன்கு வளர்ந்த பங்குனி ஆமை ஏறக்குறைய 40 கிலோ எடை இருக்கும். சராசரி ஓசனிச்சிட்டு ஒன்றின் எடை 4 கிராம் என்று கொண்டால், இரண்டுக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு. இந்த எடை வேறுபாட்டிலிருந்துதான் மற்ற வேறுபாடுகளில் பல பிறக்கின்றன. உடல் சிறுத்துக்கொண்டே போகும்போது, அதன் பருமனுக்கு ஏற்ற அளவில் மேற்பரப்பு சுருங்குவதில்லை. ஆகவே சிறிய உடல் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. ஓசனிச்சிட்டு தன் உடலை ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். அதோடு, விலங்குகள் நகரும் வழிகளிலேயே மிகுந்த செலவு பிடிக்கும் ஒன்றான அந்தரத்தில் நிற்றலையும் நாள் முழுவதும் செய்ய வேண்டும். இனத்தைப் பொறுத்து நொடிக்கு 12 முதல் 80 முறை வரை அதன் சிறகு அடிக்கிறது. பிற பறவைகள் சிறகைக் கீழ்நோக்கி அடிக்கும்போதே ஏறக்குறைய முழு மேலுந்துதலையும் பெறுகின்றன. ஓசனிச்சிட்டு தோள்மூட்டைச் சுழற்றிச் சிறகைத் திருப்புவதால், மேல்நோக்கிய வீச்சிலும் மேலுந்துதலின் கால் பங்கைப் பெறுகிறது. நீலத்தொண்டை ஓசனிச்சிட்டு ஒன்றின் இதயம் நிமிடத்துக்கு 1,260 முறை துடித்தது பதிவாகியிருக்கிறது. குடித்த தேனில் உள்ள சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள் நேரடியாகப் பறத்தலுக்கு எரிபொருளாக்கும் திறன் அதற்கு உண்டு; குளுக்கோஸ் மட்டுமின்றி, மனித உடல் பெரும்பாலும் கல்லீரல் வழியே மாற்றிப் பயன்படுத்தும் ஃப்ரக்டோஸையும் அதன் தசைகள் அவ்வாறே எரிக்கின்றன.

வருவது அனைத்தையும் அன்றன்றே செலவிடும் அன்றாடங்காய்ச்சியின் நிலை இது. இந்த நிலையில் உள்ள உயிருக்கு மிகக் கடினமான நேரம் இரவு. பன்னிரண்டு மணி நேரம் உணவில்லை, குளிர் வேறு. அப்போது பல ஓசனிச்சிட்டுகள் ஒரு வகை மடிநிலைக்குச் செல்கின்றன: உடல் வெப்பம் சுற்றுப்புறத்தை நோக்கி இறங்குகிறது, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறு அளவுக்கும் அதற்குக் கீழும் தாழ்கிறது, பறவை தொட்டாலும் அசையாத நிலையை அடைகிறது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் ஏற்காட்டைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்ட உயரத்தில் வாழும் கறுப்பு மெட்டல்டெயில் என்னும் இனத்தின் உடல் வெப்பம் இரவில் 3.3 டிகிரி வரை இறங்கியதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. வெப்பக்குருதி விலங்கு என்று பள்ளியில் படித்த பறவை, குளிர்பதனப் பெட்டியின் குளிருக்கு இறங்கிவிட்டு, விடியலில் தசைகளை நடுக்கித் தன்னை மீண்டும் சூடாக்கிக்கொண்டு முதல் பூவை நோக்கிப் பறக்கிறது.

கடலாமைகளிலோ இதற்கு நேர்மாறான புதிர் ஒன்று இருக்கிறது. ஊர்வனவாகிய ஆமையின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரைச் சார்ந்தது என்பது பொதுவிதி. பங்குனி ஆமைக்கு அது பொருந்தும். ஆனால் கடலாமைகளுள் மிகப் பெரியதும், முதுகில் ஏழு நீள்வரிகளோடு ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்தியதுமான ஏழுவரி ஆமை 7.5 டிகிரி குளிர்ந்த நீரிலும் தன் உடலை 25.5 டிகிரியில் வைத்திருந்ததை 1972இல் அளந்து காட்டினார்கள். சில நூறு கிலோ எடையுள்ள உடலும், அதைச் சுற்றிய கொழுப்பும், துடுப்புக்கால்களில் போகும் சூடான குருதி திரும்பி வரும் குளிர்ந்த குருதிக்கு வெப்பத்தைக் கொடுத்துவிடும் வகையில் அடுத்தடுத்து ஓடும் நாளங்களும் சேர்ந்து இதைச் சாத்தியமாக்குகின்றன. வெப்பக்குருதிப் பறவை குளிர்ந்துபோவதும், குளிர்குருதி எனப்பட்ட ஆமை வெப்பமாக இருப்பதும், அந்தப் பழைய இருவகைப் பிரிவைக் காட்டிலும் உடலின் அளவும் எரிபொருள் இருப்புமே முக்கியம் என்பதைக் காட்டுகின்றன. பாடநூல்களில் இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் இடம்பெற்றால் மாணவர்களுக்கு எவ்வளவோ தெளிவு கிடைக்கும்.

ஏழுவரி ஆமையின் இதயத்தையும் கோஸ்டா ரிக்காக் கரையிலேயே அளந்திருக்கிறார்கள். நீர்மட்டத்தில் மூச்செடுக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 25, மூழ்கியிருக்கும்போது 17 என்பது அதன் வழக்கமான துடிப்பு. சில கணங்களில் அது நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவுக்குத் தாழ்ந்தது. 1,200 மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடிய இந்த ஆமைக்கு, சேமித்த உயிர்வளியைச் சிக்கனமாகச் செலவிடுவதே பிழைப்பு. பங்குனி ஆமையும் மற்ற கடலாமைகளும் அதே சிக்கனத்தின் வெவ்வேறு படிகளில் நிற்பவை.

இரு உயிர்களின் காலக் கணக்கு மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் என்று நான் கருதுவது அவற்றின் நினைவாற்றல். கனடாவின் மலைப்பகுதியில் செம்பழுப்பு ஓசனிச்சிட்டுகளைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கைப் பூக்கள் சிலவற்றை 10 நிமிடத்துக்கு ஒரு முறையும் மற்றவற்றை 20 நிமிடத்துக்கு ஒரு முறையும் சர்க்கரை நீரால் நிரப்பினார்கள். எந்தப் பூ எந்த இடைவெளியில் நிரம்பும் என்பதைப் பறவைகள் கற்றுக்கொண்டு, அதற்கேற்ற நேரத்தில் திரும்பி வந்தன. நூற்றுக்கணக்கான பூக்களிலிருந்து துளித்துளியாகச் சேகரிக்கும் உயிருக்கு, சற்று முன் வற்றிய பூவுக்கு மறுபடி செல்வது வீண் செலவு. எங்கே, எது, எப்போது என்னும் மூன்றையும் நிமிடக் கணக்கில் வைத்திருப்பது அதன் உயிர் காக்கும் தேவை.

கடலாமையின் நினைவு வேலை செய்வது பத்தாண்டுக் கணக்கில். மணலிலிருந்து வெளிவந்து கடலை நோக்கி ஓடும் குஞ்சு, தான் பிறந்த கரைக்கே உரிய புவிக்காந்தப் புலத்தின் சாய்வையும் வலிமையையும் உள்வாங்கிக்கொள்கிறது என்பதும், பருவமடைந்தபின் அந்த அடையாளத்தைத் தேடித் திரும்புகிறது என்பதும் ஆய்வாளர்களின் விளக்கம். ஃபுளோரிடாக் கரையில் முட்டையிடும் பெருந்தலை ஆமைகளின் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை இதற்கு வலுவான சான்றை அளித்தது. புவிக்காந்தப் புலம் ஆண்டுதோறும் சிறிதளவு நகர்வது. அது நகர்ந்த விதத்தால் அடுத்தடுத்த இரு இடங்களின் காந்த அடையாளங்கள் நெருங்கியபோது அந்தக் கரைப்பகுதியில் முட்டைக்குழிகள் நெருக்கமாகவும், அடையாளங்கள் விலகியபோது பரவலாகவும் அமைந்திருந்தன. பங்குனி ஆமைக்குப் பருவமடைய ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகும். பச்சை ஆமை என்றும் சொல்லப்படும் பேராமைக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அத்தனை காலம் ஒரு முறையும் கரையேறாமல் கடலிலேயே வாழ்ந்துவிட்டு, ஒரே ஓர் இரவில் சில நிமிடங்கள் மட்டுமே அறிந்த இடத்தின் பக்கம் திரும்புவதைக் காட்டிலும் வியப்பான ஒன்றை நான் விலங்குலகில் அறிந்ததில்லை.

பயணத் தொலைவில் இரண்டுமே பெரியவை. மூன்று கிராம் எடையுள்ள செந்தொண்டை ஓசனிச்சிட்டு, வலசைக்கு முன் கொழுப்பைச் சேர்த்துத் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு, 800 கிலோமீட்டர் அகலமுள்ள மெக்சிகோ வளைகுடாவை ஓய்வின்றிக் கடக்க வல்லது. லிட்டில் அந்தமான் தீவில் முட்டையிட்ட ஏழுவரி ஆமைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியபோது, சில ஆஸ்திரேலியாவின் பக்கமும் சில இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையின் பக்கமும் சென்றன. முன்னது ஒரு நாளில் முடியும் ஓட்டம். பின்னது மாதக்கணக்கில் நீள்வது.

இனப்பெருக்கத்துக்கு வருவோம். ஓசனிச்சிட்டு சிலந்தி நூலால் இறுக்கிக் கட்டிய சிறு கிண்ணக் கூட்டில் பெரும்பாலும் இரண்டே முட்டையிடுகிறது. அடைகாப்பதும் ஊட்டுவதும் முழுக்கத் தாயின் வேலை. தன் இரவுச் செலவையே ஈடுகட்ட அரும்பாடுபடும் உடல், மூன்று வாரங்களுக்கும் மேலாக இன்னும் இரண்டு வாய்களுக்குப் பூச்சியும் தேனும் தேடுகிறது. பங்குனி ஆமை ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலை மூடி, உடலால் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குப் போகிறது. மறுபடி அந்தக் குழியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அகநானூற்றின் 160ஆம் பாடல், சூல் முதிர்ந்த ஆமை அடும்பங்கொடி சிதைய மணற்குவியலின் பக்கத்தில் முட்டைகளைப் புதைப்பதையும், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அவற்றைக் காப்பதையும் சொல்கிறது. அடும்பு படர்ந்த மணல்மேடும், மறைத்துப் புதைத்தலும், முட்டையின் உருண்டை வடிவும் புலவு நாற்றமும் நேரில் கண்ட துல்லியத்தோடு அதில் உள்ளன. ஆணின் காவல் மட்டும் உயிரியலோடு பொருந்தவில்லை. கடலாமைகளில் ஆண் கரையேறுவது மிக அரிது. அடக்கத்துக்கு ஆமையை உவமை சொல்லும் நம் மரபும், மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் ஊர்க் குளங்களிலும் உள்ள பால் ஆமை போன்ற நன்னீர் ஆமைகளுக்கே பொருந்தும். கடலாமையால் தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இயலாது; நீந்தும் வசதிக்காக அந்தக் காப்பை அது இழந்துவிட்டது.

முட்டைக்குழியின் மணல் வெப்பமே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 டிகிரியில் இருபாலும் சமமாகப் பிறக்கும். அதற்கு மேல் பெண் குஞ்சுகள் மிகும், கீழே ஆண் குஞ்சுகள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில், வெப்பமான கரைகளிலிருந்து வரும் இளம் பேராமைகளில் நூற்றுக்கு 99க்கும் மேல் பெண்கள் என்று 2018இல் கண்டறிந்தார்கள். ஓரிரு ஆண்டு மட்டும் அவ்வாறு நிகழ்ந்திருந்தால் நீண்ட ஆயுள் அதை ஈடுகட்டியிருக்கும். அங்கே அந்தச் சாய்வு பல ஆண்டுகளாகத் தொடர்ந்ததே கவலைக்குரியது.

இங்கேதான் காலக் கணக்கு காப்பு முறையோடு வந்து சேர்கிறது. ஓசனிச்சிட்டைப் பாதிப்பது அண்மையில் நடக்கும் மாற்றங்கள்: ஒரு மலைச்சரிவில் காடு அழிந்து பூ இல்லாமல் போனால், சேமிப்பு இல்லாத அந்தப் பறவை அடுத்த பருவம் வரை காத்திருக்க முடியாது. ஒரே ஒரு மலையிலோ தீவிலோ மட்டும் வாழும் இனங்களுக்கு இது பேரிடர். சிலி நாட்டுக்குச் சொந்தமான ராபின்சன் குரூசோ தீவில் மட்டும் எஞ்சியுள்ள ஹுவான் ஃபெர்னாண்டஸ் இனம் மிக அருகிவிட்டதற்கு, அங்கே மனிதர் கொண்டுவந்து விட்ட விலங்குகளும் செடிகளும் அதன் காட்டைச் சிதைத்ததே காரணம். அதே வேளையில், வாழிடம் திரும்பக் கிடைத்தால் ஆண்டுதோறும் குஞ்சு பொரிக்கும் இப்பறவையின் எண்ணிக்கை விரைவில் மீள வாய்ப்புண்டு. நம் தேன்சிட்டுக்கும் இது பொருந்தும்: நிழல் மரங்களின் கீழ் பயிராகும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மட்டுமின்றிக் கல்யாண முருங்கையும் நாட்டு மரங்களும் கலந்து நிற்கும்போது, அதற்கு ஆண்டின் பல மாதங்களில் ஏதாவது ஒரு பூ கிடைக்கிறது.

கடலாமையின் எண்ணிக்கை அவ்வளவு எளிதில் மீளாது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் பருவமடையும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. முட்டைக்குழி ஒன்று நாய்களால் அழிவது வருத்தத்துக்குரியதே. ஆனால் முட்டையிடும் ஆமை ஒன்று சாகும்போது, பதினைந்து ஆண்டு கடலில் தப்பிப் பிழைத்ததும், இனி பல ஆண்டுகள் இடவிருந்த முட்டைகளும் சேர்ந்தே போகின்றன. சென்னையில் 1988 முதல் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவும் வனத்துறையும் இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் காத்துவருவது போற்றத்தக்க பணி. எனினும் கரையில் காத்த குஞ்சுகளின் பயன் தெரிய ஒரு தலைமுறை காலம் ஆகும். அதற்குள் கடலில் வளர்ந்த ஆமைகள் சாவதை நிறுத்தாவிட்டால் கணக்கு நேராகாது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறியதே முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. ஆமை நுரையீரலால் மூச்செடுப்பது. சில மணி நேரம் இழுக்கப்படும் வலைக்குள், போராடிப் போராடித் தன் உயிர்வளியைத் தீர்த்துவிட்டு, சிக்கனத்தையே வாழ்க்கையாகக் கொண்ட அந்த உடல் மூழ்கிச் சாகிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் மீன்பிடிப்பதைத் தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆமைகள் கரையை ஒட்டிக் கூடும் மாதங்களில் அந்த எல்லை உண்மையாகவே கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்தே அவற்றின் உயிர் இருக்கிறது.

இது கடற்கரை மாவட்டங்களின் சிக்கல் மட்டுமன்று. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலை அடைகிறது. நகரத்தில் ஆற்றில் விழும் நெகிழிப் பைகளுக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. கடலில் மிதக்கும் பையை இழுதுமீன் (ஜெல்லிமீன்) என்று எண்ணி ஆமைகள் விழுங்குவது பல கடல்களில் பதிவான உண்மை. சேலத்துச் சந்தைகளில் விற்கும் கடல் இறாலோ இழுவலையோடு நேரடித் தொடர்புடையது. வலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம் ஒன்று உண்டு: இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து வலையின் முனைக்குப் போகும்; ஆமை சட்டத்தில் முட்டி, மேலேயோ கீழேயோ உள்ள திறப்பின் வழியே வெளியேறும். இந்தியப் படகுகளுக்கு ஏற்ற ஆமை விலக்குக் கருவி ஒன்றைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. பிடியில் ஒரு பகுதி அந்தத் திறப்பின் வழியே தப்பிவிடும் என்பதால் மீனவர்கள் அதை ஏற்கத் தயங்குகிறார்கள். எரிபொருள் விலைக்கும் கடனுக்கும் இடையே கடலுக்குப் போகிறவர்களின் தயக்கம் அது. கருவி பயன்பாட்டில் இல்லை என்னும் காரணத்தால் 2019 முதல் அமெரிக்கா இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியதால், அந்த இழப்பும் அவர்கள் மேலேயே விழுந்தது. கருவியின் விலையையும் தப்பிப்போகும் பிடியின் மதிப்பையும் அரசு ஈடுசெய்து, ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான முட்டையிடும் பருவத்திலேனும் அதைக் கட்டாயமாக்குவது இன்று உடனே செய்யக்கூடிய ஒன்று.